ஃப்ரைபுர்க்கில் எனக்குப் பூசிய எண்ணெய்

1976 பிப்ரவரி 23, திங்கட்கிழமை, அதிகாலை 4 மணி 10 நிமிடம். சன்னலுக்கு வெளியே தொங்கிய வெப்பமானியில் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. காற்று இல்லை. பனி நேராக விழுந்துகொண்டிருந்தது. முந்தின இரவு பத்து மணியிலிருந்து ஒன்பதாவது தடவையாக நான் கழிப்பறையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

இடம், மேற்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் என்கிற ஊர், என் மகன் சேவியரின் வீடு, மூன்றாவது மாடி. அப்போது எனக்கு வயது 67. தூத்துக்குடித் துறைமுகத்தில் 34 வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன். தோணியில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் நின்று எண்ணிக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் எண்ணுகிற பழக்கம் விடவில்லை. எனக்கு வந்தது ஆண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற நோய். கூச்சப்பட்டு நான் இரண்டு வருடம் வீணாக்கினேன். என் வயதில் இருக்கிறவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சேவியர் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சியில் இருந்தான். போய் ஒன்பது வருடம். அவனுக்கு முதல் குழந்தை பிறந்ததும் என்னையும் என் மனைவி பிலோமினாளையும் வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினான். பிலோமினாள், "கப்பல்னா வாரேன், பறக்கதுக்கு நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அக்டோபர் மாதம் நான் மட்டும் போனேன். கையில் எட்டு டாலருக்கு மேல் கொண்டுபோக முடியாத காலம் அது.

ஊர் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. எங்கே பார்த்தாலும் மாணவர்கள், மாணவர்களைவிட அதிகமாகச் சைக்கிள்கள். தெருவோரம் ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் வெட்டி நல்ல தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள். அதில் கால் வைக்காமல் நடக்க எல்லோருக்கும் தெரியும். நான் மூன்று தடவை வைத்தேன். வீட்டுக்கு 54 படி. எந்த வாரம் எந்த வீட்டுக்காரர் படியைக் கூட்ட வேண்டும் என்று கதவில் ஒரு அட்டை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. ஆறு மாதம் தங்குவதற்கு வெளிநாட்டார் அலுவலகத்தில் நின்று முத்திரை வாங்கினோம். அந்த அதிகாரி என் பாஸ்போர்ட் படத்தை என் முகத்தோடு நான்கு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார்.

பகலில் சேவியர் வேலைக்குப் போய்விடுவான். மருமகள் ரெஜினா குழந்தையோடு இருப்பாள். நான் நடக்கப் போவேன். பனியைத் தள்ளிச் சுத்தமாக வைத்திருந்த பெஞ்சுகள் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தன. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைவிட அழகு என்று ஒருநாள் சொன்னேன். "அழகுதான். ஆனா வாடகை. இருபத்தஞ்சு வருசம். பொறவு யாரும் பணம் கட்டலைன்னா கல்லை எடுத்துருவாவ" என்றான் சேவியர். அன்றைக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். விளக்கு வெளிச்சம் பார்த்து சேவியர் வந்தான்.

"என்னப்பா, அரைமணி நேரமா உள்ளயே நிக்கீய?"

"ஒண்ணுமில்லலே. போய்ப் படு."

"இந்தக் குளிர்ல வேத்து ஊத்துது, ஒண்ணுமில்லங்கீய?"

அடிவயிறு கல்லாக இருந்தது. சொல்லவேண்டியதாயிற்று. 54 படியையும் அவன் தோளைப் பிடித்து இறங்கினேன். மருத்துவமனையில் நர்சாக வந்தது ஒரு மலையாளப் பெண், பெயர் அன்னம்மா. அந்தக் காலத்தில் ஜெர்மன் ஆஸ்பத்திரிகளுக்குக் கேரளத்திலிருந்து நிறையப் பெண்கள் போயிருந்தார்கள். இவள் நாகர்கோவிலில் இரண்டு வருடம் இருந்தவள், தமிழ் பேசினாள். "அப்பச்சா, மூச்சை நல்லா விடுங்க, ரெண்டு நிமிஷம்" என்றாள். டாக்டர் ரப்பர் குழாயை உள்ளே செலுத்தினார். வலித்தது. அடுத்த நொடி விட்டது. ஜாடியில் வந்து சேர்ந்தது 1,150 மில்லி, நானே கோட்டைப் பார்த்தேன்.

நோயின் பெயர் புராஸ்டேட் வீக்கம். மூத்திரப்பையின் வாசலில் மூத்திரக் குழாயைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறது. ஆண்களுக்கு மட்டும் உண்டு. வயதானால் அது பருக்கும். பருத்தால் நடுவில் போகிற குழாய் நசுங்கும். இரவில் அடிக்கடி எழுந்திருப்பது, நின்று நின்று போவது, போன பின்பும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுவது எல்லாம் அதன் அடையாளம். எனக்கு இரண்டு வருடமாக அத்தனையும் இருந்தது. வயதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

குழாயை எடுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டு அதில் இறங்கவிட்டார்கள். மூன்று நாள் பரிசோதனை. ரத்தத்தில் யூரியா என்கிற கழிவு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார்கள். அது கூடினால் சிறுநீரகம் சோர்கிறது என்று அர்த்தம். எனக்குக் கூடியிருந்தது. கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி நாக்கில் செம்புக் காசை வைத்ததுபோல் இருந்தது. டாக்டர் விரலை விட்டுப் பார்த்த பரிசோதனையைப் பற்றி அதிகம் எழுதவில்லை, பத்து வினாடிதான். வெறும் வீக்கமாகத்தான் தெரிகிறது, அறுத்து எடுத்துச் சோதித்தால்தான் புற்று இல்லை என்று உறுதியாகச் சொல்லமுடியும் என்று சேவியர் மூலமாகச் சொன்னார்கள். அறுவை அடுத்த புதன்கிழமை.

அறையில் இரண்டு கட்டில். அடுத்த கட்டிலில் ஹெர் ஃபோக்ட், அதாவது திரு ஃபோக்ட், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது 71, அதே நோய். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஜெர்மனில் "யா" மட்டும் தெரியும். காலையில் அவரவர் பையைத் தூக்கிக் காட்டி, எவ்வளவு என்று விரலால் சொல்லிக்கொள்வோம். மாலை ஐந்து மணிக்கே ராச்சாப்பாடு, குளிர்ந்த கறுப்பு ரொட்டி மூன்று துண்டு, பாலாடைக்கட்டி ஒன்று. ரெஜினா தினமும் குழந்தையைக் கட்டிக்கொண்டு டிராமில் வந்து, பிளாஸ்கில் கஞ்சியும் துண்டில் சுற்றிய சிறு பாட்டிலில் துவையலும் தந்துவிட்டுப் போவாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. பனியில் அவள் செருப்பு நனைந்து ஊறியிருந்ததை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை, 26ஆம் தேதி. தவக்காலத்துக்கு முந்தின களியாட்ட நாள். தெருவில் மேளம். காலையில் வெப்பமானி கொண்டுவந்த ஜெர்மன் நர்ஸ் கன்னத்தில் பூனை மீசை வரைந்திருந்தாள். மதியம் 3.40க்கு ஒரு குருவானவர் வந்தார். மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி. கத்தோலிக்கரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். புதன்கிழமை அறுவையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு ஜெர்மனில் நீளமாக ஏதோ கேட்டார். நற்கருணை அப்பம் வேண்டுமா என்று கேட்கிறார் போல என்று நினைத்து "யா" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளிச் சிமிழ் ஒன்றை எடுத்தார். திறந்தார். என் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார்.

அந்தச் சிமிழை எனக்குத் தெரியும். எங்கள் கடற்கரையில் அதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். சாமியார் அதை எடுத்துக்கொண்டு தெருவில் வரும்போது முன்னால் கைமணி அடித்துப் போவார்கள். கடையில் நிற்கிறவர்கள் முழங்காலிடுவார்கள். மணி எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி ஏற்றியிருக்கும். அந்தத் தெருவில் யாரும் அன்றைக்குச் சத்தம்போட்டுப் பேசமாட்டார்கள். என் ஆயுசில் அந்த எண்ணெய் பூசி நான் கண்ணால் பார்த்தவர்கள் பதினேழு பேர். என் அப்பா, அம்மா, என் அண்ணன் உட்பட. பதினேழு பேரும் எட்டு நாளுக்குள் போய்விட்டார்கள்.

சாமியார் என் கையைக் குலுக்கிச் சிரித்துவிட்டுப் போனார். ஆக, புற்றுதான். சேவியருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், பூனை மீசைக்காரிக்குத் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெரிய டாக்டர் ஒன்பது பேர் பின்தொடர வந்தார். அறுவைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும்படி ஒரு தாளை நீட்டினார்கள். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நோ. ஹோம். இந்தியா" என்றேன். பத்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று பகல் பிலோமினாளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு அவஸ்தை பூசியாகிவிட்டது, உயிரோடு வந்து சேரப் பார்க்கிறேன், வராவிட்டால் ஜெபிக்கவும். மரப்பெட்டியில் என் பழைய டாலி புத்தகங்களுக்கு அடியில் ஒரு உறையில் 640 ரூபாய் இருக்கிறது. அது என் அடக்கத்துக்காக நான் சேர்த்தது. சவப்பெட்டிக்கு 280, பாண்டு வாத்தியத்துக்கு 120, பூசைகளுக்கு 240 என்று கணக்கும் எழுதினேன். ஹெர் ஃபோக்டின் மனைவி கடிதத்தை வாங்கித் தபாலில் போட்டாள்.

மாலையில் சேவியர் ஓடிவந்தான்.

"எதுக்குப்பா கையெழுத்துப் போடமாட்டேன்னு சொன்னீய?"

"ஏலே, என்கிட்ட மறைக்காத. புற்றுதானே?"

"யாரு சொன்னா?"

"எண்ணெய் பூசிட்டுப் போயிருக்காரு. இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது இங்கன எல்லாருக்கும் பூசுவாவப்பா. திருச்சபைச் சட்டத்தை மாத்தி மூணு நாலு வருசமாச்சு. நோயாளின்னா பூசலாம்."

"எனக்குக் காது குத்தாத. நான் வந்து பத்தொம்பது ஞாயித்துக்கிழமை ஆச்சு. நீ கோயிலுக்கு வந்தது மூணு. உனக்கு என்ன தெரியும் எண்ணெயப் பத்தி?"

"சரி, எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும்லா? இந்தக் குழாயோட எப்படிப் போவீய? பிராங்பர்ட், பம்பாய், மெட்ராஸ், அங்கயிருந்து ரயிலு. நடுவுல காய்ச்சல் வந்தா?"

"ரிட்டர்ன் டிக்கெட் கையில இருக்கு. உசுரோட போனா பைசா செலவில்ல. செத்தபொறவு அனுப்பணும்னா எவ்வளவு கேப்பான்னு விசாரிச்சியா? இல்லன்னா இங்கன இருபத்தஞ்சு வருசம் வாடகைக்குக் கிடக்கணும். நீ வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டா எவன் கட்டுவான்?"

அவன் சன்னல் பக்கம் திரும்பி நின்றான். "அம்மா முகத்துல நான் எப்படிப்பா முழிப்பேன்?" என்றான். குரல் உடைந்திருந்தது. சாகப்போகிற அப்பனைப் பார்த்து அழுகிறான் என்றுதான் அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் அவனிடம் சொல்லி அனுப்பியது இது: குழாயோடு நிரந்தரமாக இருக்கமுடியாது. குழாய் வழியாகக் கிருமி ஏறும். சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்திருக்கிறது. ஆறு மாதம் தாங்கலாம், ஆறு நாளும் தாங்கலாம். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும்.

சனிக்கிழமை காய்ச்சல் வந்துவிட்டது, 38.9, நம் கணக்கில் 102. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். ஊசி போட வந்த அன்னம்மா, "வீட்டுக்குப் போகணும்னு அடம் பிடிக்கிறீங்களாமே, என்ன அப்பச்சா?" என்று கேட்டாள். அவளிடம் பதினேழு பேரைப் பற்றிச் சொன்னேன்.

அவள் ஊசியைக் கையில் வைத்தபடி யோசித்தாள். "அந்தப் பதினேழு பேருக்கும் அச்சனை, அதான் சாமியாரை, எப்போ கூப்பிட்டாங்க?"

"மூச்சு இழுக்க ஆரம்பிச்ச பொறவு. முன்னால கூப்பிட்டா நாமளே சாவைக் கூப்பிட்ட மாதிரில்லா?"

"அப்போ எண்ணெயா கொன்னுச்சு, இழுப்பா?"

"பதினேழுக்குப் பதினேழு. கணக்கு கணக்குதான், மகளே."

"செத்துக்கிட்டிருந்தவங்களை மட்டும் எண்ணிட்டு இது ஒரு கணக்கா? நாளைக்கு என்கூட வாங்க. நான் வேற கணக்கு காட்டறேன்" என்று சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாக ஊசியைக் குத்திவிட்டாள். வலித்தபிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பிப்ரவரி 29, ஞாயிறு. ஊசியில் காய்ச்சல் இறங்கியிருந்தது. அன்னம்மா என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பையை ஒரு போர்வைக்கு அடியில் மறைத்து, தரைத்தளத்தில் இருந்த சிற்றாலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அன்றைய பூசையில் நோயாளிகளுக்குப் பொதுவாக எண்ணெய் பூசுகிறார்கள் என்றாள். வாசல் ஓரத்தில் நாற்காலியை நிறுத்தச் சொன்னேன். உள்ளே போனவர்களை எண்ணினேன். ஊன்றுகோலோடு ஒரு வாலிபன், கையில் கட்டோடு ஒருத்தி, முடி சுருட்டிவிட்ட நான்கு கிழவிகள், உதட்டில் சாயம் பூசிய ஒரு நடுவயதுக்காரி. நெற்றியில் எண்ணெய் வாங்கினவர்கள் 31 பேர். அதே மெலிந்த சாமியார், அதே சிமிழ்.

பூசை முடிந்தது. பக்கத்துக் கூடத்தில் காப்பியும் கேக்கும் வைத்திருந்தார்கள். எண்ணெய் காயாத நெற்றியோடு ஒரு கிழவி சன்னலைத் திற என்றாள், இன்னொருத்தி குளிர்கிறது, மூடு என்றாள். இரண்டு பேரும் சாமியாரை நடுவில் நிறுத்திச் சண்டை போட்டார்கள். ஊன்றுகோல் வாலிபன் தாழ்வாரத்தில் சிகரெட் பற்றவைத்தான். உதட்டுச் சாயக்காரி இரண்டாவது துண்டு கேக் வாங்கினாள். கூடத்தை விட்டு வெளியே போகிறவர்களையும் எண்ணினேன். ஏறின மூட்டையும் இறங்கின மூட்டையும் ஒத்தால் கையெழுத்துப் போடவேண்டும், ஒரு மூட்டை குறைந்தாலும் போடக்கூடாது, 34 வருடம் நான் செய்தது அவ்வளவுதான். 31 பேர். ஒருவரும் குறையவில்லை.

அறைக்குத் திரும்பினதும் ஹெர் ஃபோக்டிடம் அன்னம்மா ஜெர்மனில் கேட்டாள். அவர் நெற்றியைத் தொட்டுக்காட்டி, இரண்டு விரலை நீட்டினார். போன இலையுதிர் காலத்தில் ஒருமுறை, இந்தத் தடவை நான் அறைக்கு வருவதற்கு முன்னால் ஒருமுறை. அதற்குப் பிறகு சூப்பில் உப்பில்லை என்று வழக்கம்போலத் திட்டினார்.

"எனக்கு அப்ப புற்று இல்லையா?" என்று அன்னம்மாவைக் கேட்டேன்.

"அது யாருக்கும் தெரியாது அப்பச்சா. எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். பொய் சொல்லமாட்டேன்."

அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். தாளைக் கொண்டுவரச் சொன்னேன். கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினேன், 12.25.

மார்ச் 3, விபூதிப் புதன். எப்படியும் ஒருசந்தி நாள், பட்டினி கிடந்தது எனக்குச் சிரமமாக இல்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். நினைவு இருந்தது. மேலே பெரிய விளக்கில் ஏழு பல்பு, ஒன்று எரியவில்லை. அறுவை நடந்தது ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம். பிறகு இரண்டு நாள் மூத்திரப்பைக்குள் கண்ணாடிப் பாட்டில்களிலிருந்து தண்ணீரைச் செலுத்திக் கழுவிக்கொண்டே இருந்தார்கள், ரத்தம் உறைந்து குழாய் அடைக்காமல் இருக்க. 41 பாட்டில். முதலில் சிவப்பு, பிறகு ரோஜா நிறம், 38ஆவது பாட்டிலில் தெளிந்தது. குழாயை எடுத்தபின் முதல் மூன்று நாள் துணி நனைந்தது. இது எல்லோருக்கும் நடக்கும், பயப்படவேண்டாம், எனக்கு யாரும் முன்னால் சொல்லாததால் நான் பயந்தேன். அந்தத் துணிகளை ரெஜினா வாங்கிக்கொண்டுபோய்த் துவைத்தாள். வேண்டாம் என்றதற்கு, "உங்க பேரன் துணியோட சேர்த்துத்தானே மாமா போடுதேன், அவன் ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

சோதனை முடிவுக்கு எட்டு நாள். பாட்டில்களுக்குப் பிறகு நான் எதையும் எண்ணவில்லை என்று ஹெர் ஃபோக்ட்கூடக் கவனித்தார். 11ஆம் தேதி வியாழக்கிழமை காலை சேவியர் வேலை நேரத்தில் வந்து நின்றான். அவன் தொப்பியைக் கழற்றாததைப் பார்த்துக் கெட்ட செய்தி என்றே நினைத்தேன். "வீக்கம்தான்ப்பா. கெட்டது ஒண்ணும் இல்ல" என்றான். எடுத்த சதை 58 கிராம். தொப்பியைக் கழற்ற மறந்துபோயிருக்கிறான், அவ்வளவுதான்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள் அன்று வீட்டுக்கு விட்டார்கள். 54 படியையும் யாரையும் பிடிக்காமல் ஏறினேன், நடுவில் இரண்டு தடவை நின்றேன். நான் விருந்தாளி என்பதால் எனக்கு அங்கே காப்பீடு கிடையாது. பில் வந்தது, 25 நாள், நாளுக்கு 138 மார்க், ஆக 3,450 மார்க். என் ஐந்து வருட ஓய்வூதியத்துக்குச் சற்றுக் கீழே. பத்துத் தவணையாகக் கட்டச் சம்மதித்தார்கள். ஊரில் என் பங்கு மனையைச் சேவியர் பேருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். "பில்லை இப்படிக் குடுங்க, நீங்க பாத்தா மறுபடியும் அடைச்சுக்கும்" என்று பிடுங்கிக்கொண்டான்.

ஏப்ரல் கடைசியில் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். சேவியர் கொடுத்த "அறுவை முடிந்தது, அப்பா நலம்" என்ற தந்தி மார்ச் 5ஆம் தேதியே வந்துவிட்டதாம். நான் சாகக்கிடந்து எழுதிய கடிதம் அதற்கு நான்கு நாள் பிந்தி வந்திருக்கிறது. பிலோமினாள் தேதியைப் பார்த்திருக்கிறாள். தந்திக்கு முந்தினது என்று புரிந்துகொண்டு, மரப்பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே புதிதாக ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என்னது?"

"உங்க பெட்டிக் காசு. ஆளு உசுரோட வாரேன்னு தந்தி குடுத்தாச்சு, பொறவு அது எதுக்குக் கிடக்கணும்? பூசைக் காசைச் சாமியார்ட்ட குடுத்து, நன்றிப் பூசை வைக்கச் சொல்லிட்டேன். பாண்டுக்கு வச்சதை மட்டும் நான் தொடல."

"இந்த ஒண்ணரை மாசத்துல எவ்வளவு கரண்டு ஓடியிருக்கும்!"

"எண்ணிப் பாருங்க. இப்பத்தான் உடம்பு நல்லாயிட்டுல்லா."

எண்ணிப் பார்த்தேன். சேவியர் கட்டியது 3,450 மார்க். என் கையிலிருந்து போனது மின்விசிறி 262, அதை மாட்டின கூலி 18, பூசைகள் 240, ஆக 520 ரூபாய். உறையில் மிச்சம் பாண்டுக்கான 120.